நடுத்தட்டின் நடுக்குப்பிகள்

2017 நவம்பர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். முதல் நாள் மாலை பிடித்த மழை விடவில்லை. தொழிற்சாலை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஜி.எம். அறையின் ஜன்னல் மேலே மூன்று இடத்தில் ஒழுகல். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாளி. அந்த நேரத்தில் நான் பேனாவின் மூடியைத் திறந்தேன், மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தேன், மறுபடி மூடிச் சட்டைப் பையில் செருகினேன். நான் செய்தது இவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த என்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதெல்லாம் இந்த ஒரு காரியத்தைத்தான்.

ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே அவ்வப்போது இது கிளம்பும். பத்மநாபன் பிடிவாதக்காரர், கம்பெனிக்கு அவரால் நஷ்டம் என்று ஒருவர் போடுவார். நான்கு பேர் சிரிக்கிற பொம்மை போடுவார்கள். நான் பதில் போட்டதில்லை. இப்போது போடுகிறேன், கொஞ்சம் நீளமாக. காரணம், போன மாதம் ஜெபசெல்வியிடமிருந்து வந்த ஒரு போன். அன்று அவள் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இரண்டு வருட அனுபவக்காரி. இன்று நான் இருந்த பிரிவுக்கே தலைமை.

"சார், அந்த அஞ்சு மணி நேரத்த எடுத்துடச் சொல்றாங்க" என்றாள்.

"யாரு?"

"புது கன்சல்டன்ட். நடுத்தட்டு சாம்பிளும் வேணாமாம். எதுக்கு வச்சீங்கன்னு பழைய பேப்பர்ல காரணமே இல்ல சார். 'அனுபவத்தின்படி'ன்னு மட்டும் போட்டிருக்கு. யாரோட அனுபவம்னு கேட்டுச் சிரிக்கறாங்க."

"என்னுதுன்னு சொல்லு."

"சொன்னேன் சார். அதுக்கும் சிரிச்சாங்க."

சிரித்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். ஏரி நிரம்பினால் எங்கள் தெருவுக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் வரும் என்று வருடவாரியாகச் சொல்வேன். சிலிண்டர் மாற்றிய நாள், மாடிப்படி, மாத்திரை, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிற நிமிடம், எதுவானாலும் எண்ணிவிடுவேன். என் மனைவி வசந்தா இதை வியாதி என்கிறாள். இருக்கட்டும். 1985 ஜூனில், வேதியியல் பட்டத்தோடு, தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஓர் ஊசிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மற்ற கம்பெனிகளுக்காகச் செய்துகொடுக்கிற இடம், பெயர் வேண்டாம். முதல் ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குப்பி கழுவினேன், கழுவுகிறவர்களைக் கவனித்தேன், கண் மட்டும் தெரிய உடை அணிந்து அதிகம் அசையாமல் நிற்கக் கற்றேன். பிறகு உலர்த்தும் மெஷினுக்கு அனுப்பினார்கள். 2017 வரை அங்கிருந்து நான் நகரவில்லை; போகப் போக அந்தப் பிரிவுக்கே தலைவனானேன். (குப்பியை நாங்கள் 'வயல்' என்போம். படிக்கிறவர்களுக்கு நெல் நினைவுக்கு வரும் என்பதால் இங்கே குப்பி என்றே எழுதுகிறேன்.)

உலர்த்துவது என்றால் வெயிலில் வைப்பது அல்ல. மருந்துக் கரைசலைக் குப்பிகளில் நிரப்பி, மெஷின் தட்டுகளில் அடுக்கி, கல்லாக உறைய வைப்போம். பிறகு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிடுவோம். உறைந்த தண்ணீர் உருகாமலே ஆவியாகிப் போகும். அலமாரியில் போட்ட பாச்சை உருண்டை ஈரமாகாமலே சிறுத்துப் போகிறதே, அதுபோல. மிஞ்சுவது வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு வில்லை. அதைக் கேக் என்போம். மருத்துவமனையில் தண்ணீர் ஊற்றியதும் அது கரைந்து மருந்தாகும்.

தண்ணீரிலேயே கெட்டுப்போகிற மருந்துகள் உண்டு. தண்ணீரில் கரையவே கரையாதவையும் உண்டு. அவற்றுக்காகத் தண்ணீரோடு இன்னொரு கரைப்பானைச் சேர்ப்போம். கரைப்பான்கள் எத்தனையோ இருந்தாலும் இந்த மெஷினுக்கு ஒத்துப்போவது ஏறக்குறைய ஒன்றுதான்: டெர்ட் பியூட்டைல் ஆல்கஹால், எங்கள் வாயில் டி.பி.ஏ. சாதாரண சாராயம் எங்கள் மெஷினின் குளிருக்கு உறையாது. இது உறையும். உறையும்போது ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். அந்த ஊசிகள் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய குழாய்களாகிவிடும். பின்னால் வருகிற தண்ணீர் அந்த வழியாகத் தடையில்லாமல் வெளியேறும். நான்கு நாள் வேலை இரண்டு நாளில் முடியும்.

நல்ல சரக்கு, ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு. இருபத்தைந்தரை டிகிரிக்குக் கீழே போனால் அது பாறை. சென்னை வெயிலில் திரவம், ஏ.சி. போட்ட கிடங்கில் டிரம்மோடு கெட்டியாகிவிடும். 2008-இல் ஒரு புற்றுநோய் மருந்துக்காக முதல் டிரம் வந்தபோது, மெஷின் ஆபரேட்டர் தனசேகர் அதை உருட்டிக்கொண்டு போய் முற்றத்து வெயிலில் நிறுத்திவிட்டான். பக்கென்று பற்றிக்கொள்கிற சரக்கு. நான் போட்ட சத்தத்தில் கேன்டீனில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். மறுநாள் அதை நெருப்பில்லாத வெந்நீர்த் தொட்டியில் இறக்கி உருகவைத்தோம். பாதி உருகியதும் தனசேகர் எட்டிப் பார்த்தான்.

"சார், மேலாப்புல எளநி மாதிரி கீது. அத்த மட்டும் எடுத்துக்கலாமே?"

கூடாது என்றேன். இந்தச் சரக்கு ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரமெல்லாம் முதலில் உருகுகிற திரவத்தில் சேர்ந்திருக்கும். சுத்தமானது கெட்டியாக அடியில் கிடக்கும். இளநீரை மட்டும் எடுத்தால் நூறு கிலோ என்று எழுதிவிட்டுத் தொண்ணூறு கிலோ போட்டவர்கள் ஆவோம். முழுவதும் உருகி, கலக்கிய பிறகே எடுக்க வேண்டும் என்று விதி வைத்தேன். தனசேகர் அன்றிலிருந்து என்னை வழுக்கை சார் என்று கூப்பிட்டான், முதுகுக்குப் பின்னால். என் தலையைப் பார்த்தும் சொல்லியிருக்கலாம்.

டி.பி.ஏ.வுக்குக் கற்பூரம் போல ஒரு வாசனை உண்டு. பேட்ச் ஓடுகிற நாட்களில் வசந்தா என் சட்டையைத் துவைக்கப் போடும்போது, கம்பெனியில் என்ன பூஜை என்று கேட்பாள். இந்த வாசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் மருந்து நன்றாக வந்தது. வருடக்கணக்கில் ஓடியது. அந்த வெற்றிதான் எங்கள் ஜி.எம். ராகவன் சாருக்குத் தலையில் ஏறியது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும்; கடைசியில் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். 'பார்க்கலாம்' என்றால் கிடையாது. 'நீங்களே சொல்லுங்கோ' என்றால் அவர் முடிவு செய்தாகிவிட்டது. யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைப்பார். இடது கண்ணாடிக்கு அதிக நேரம் எடுக்கும். கெட்டவர் அல்ல. வெள்ளம் வந்த வருடம் முடிச்சூரில் மாட்டிக்கொண்ட எங்கள் ஆட்கள் ஒன்பது பேரை டிராக்டர் பிடித்து வெளியே கொண்டுவந்தவர் அவர்தான். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் ஒரு குப்பியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார். உள்ளே இருக்கிற கேக் விழாமல் அடியில் ஒட்டி நின்றால், மோதிரத்தால் குப்பியில் ஒரு தட்டு.

"நிக்கறதோல்லியோ?" என்பார்.

நின்றால் எல்லாருக்கும் நிம்மதி. கேக் நிற்பதற்கும் மருந்து நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் 'பார்க்கலாம்' என்றார்.

2017-இல் ஒரு நொதி மருந்து வந்தது. நொதி என்றால் புரதம். நோய்வாய்ப்பட்ட குழந்தைகளுக்குப் போடும் ஊசி. அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. தண்ணீரில் நன்றாகக் கரைகிற சரக்கு, கரைப்பான் தேவையே இல்லை. ஆனால் உலர அறுபத்தெட்டு மணி நேரம் எடுத்தது, வாடிக்கையாளர் அவசரப்பட்டார். ராகவன் சாருக்குப் புற்றுநோய் மருந்து ஞாபகம் வந்தது. டி.பி.ஏ. ஐந்தே ஐந்து சதவீதம் சேர்த்தால் வேகமாக உலருமே என்றார். புரதத்துக்குக் கரைப்பான் பகை என்றேன். ஐந்து சதவீதம் என்ன செய்துவிடும் என்றார்.

அதிகமாகப் போட்டால்தான் அதிகம் தங்கும் என்று நினைப்பது சமையலறைப் புத்தி. உப்புக்குச் சரி. இங்கே நேர்மாறு. கரைப்பான் போதுமான அளவு இருந்தால்தான் ஊசியாகப் படிகம் கட்டும். கட்டினால்தான் வெளியே போகும். குறைவாக இருந்தால், அதுவும் அவசரமாக உறைய வைத்தால், படிகம் கட்டாமல் மருந்தைக் காக்கிற சர்க்கரைக்குள்ளேயே கண்ணாடியில் அடைபட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். எத்தனை நாள் உறிஞ்சினாலும் வராது. உறைந்த பிறகு மைனஸ் இருபதில் ஐந்து மணி நேரம் நிறுத்திவைத்தால் பிரிந்து படிகமாகும் என்று சொன்னேன். ஐந்து மணி நேரமா என்று ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆய்வகத்துச் சின்ன மெஷினில் அறுபது குப்பி வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தோரு மணி நேரத்தில் முடிந்தது. கேக் நின்றது. மிச்சக் கரைப்பான் 0.3 சதவீதம், நாங்கள் வைத்த எல்லை 0.5. ஐந்து மணி நேரம் தேவையில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

பெரிய மெஷினில் தட்டுக்கு 1,260 குப்பிகள், ஆறு தட்டு, ஆக 7,560. மூன்று பேட்ச் தொடர்ந்து சரியாக வந்து காட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்தே வாடிக்கையாளருக்குப் போகும். முதல் இரண்டும் தேறிவிட்டன. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சின்ன மெஷினில் அறுபது குப்பி என்றால் ஏறக்குறைய எல்லாமே ஓரத்துக் குப்பிகள். பெரிய மெஷினில் ஓரம் கொஞ்சம், நடு அதிகம். கதவும் சுவரும் தட்டைவிடச் சூடாக இருக்கும். ஓரத்துக் குப்பிகள் அந்தச் சூட்டால் மெதுவாக உறைந்து படிகம் கட்டும், பக்கவாட்டிலும் சூடு கிடைத்து முதலில் உலர்ந்துவிடும்.

நாங்கள் சோதனைக்குக் குப்பி எடுப்பது எங்கிருந்து? கதவோர வரிசையிலிருந்து. தட்டுக்கு ஆறு என்று விதி. எந்த இடத்திலிருந்து என்று விதியில் இல்லை. கை எட்டுகிற இடம் அதுதான். அதற்கு நியாயமும் உண்டு. மூடி அழுத்தப்பட்டாலும் அலுமினிய சீல் போடாத குப்பிகளுக்குமேல் யாரும் கையை நீட்டக் கூடாது; கிருமி விழும். ஆகவே நல்ல பழக்கம் ஒன்றுதான் எங்கள் கண்ணைக் கட்டியிருந்தது. இருபது வருடத்துக்குமேல் அந்த மெஷினில் உலர்ந்த எல்லாவற்றையும் கதவோரத்து வரிசையைக் கேட்டே முடிவு செய்திருக்கிறோம்.

மூன்றாம் பேட்சில் நான் கையை நீட்டவில்லை. குப்பிகள் வரிசை வரிசையாக வெளியே வந்து சீல் போடுகிற இடத்தைத் தாண்டும்போது, அந்த முனையில் நின்று எண்ணினேன். தட்டுக்கு நாற்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பது. மூன்றாம் தட்டு, இருபத்தோராம் வரிசை, பதினைந்தாம் குப்பி. அப்படி நடுத்தட்டுகள் இரண்டின் நடுவிலிருந்து சீல் போட்ட குப்பிகளாக நாற்பது எடுத்தேன். தனசேகர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், மொய்ப் பணம் எண்றா மாதிரி எண்ணிகினு கீறீங்க. ஒரே தட்டு, ஒரே சூடு. மின்னாடி இருந்தா இன்னா, நடுவுல இருந்தா இன்னா?"

"நீ பீச் ட்ரெயின்ல எங்க நிப்ப?"

"கதவாண்ட."

"எதுக்கு?"

"காத்து வரும் சார். நடுவுல மாட்னா வெந்துடுவோம்ல" என்றவன் நகர்ந்து வரும் குப்பிகளை எட்டிப் பார்த்தான். பிறகு, "ஆனா அங்க வேர்க்கும், இங்க காயாது, அவ்ளோதானே?" என்றான்.

அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் ஜெபா முதலில் கதவோரத்துக் குப்பி ஒன்றைத் திறந்தாள். எந்த வாசனையும் இல்லை. நடுக்குப்பி ஒன்றைத் திறந்தாள். திறந்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், கற்பூரம்."

ஆய்வகக் கருவி சொன்ன மிச்சக் கரைப்பான் கணக்கு: ஓரத்தில் 0.3. நடுவில் 2.8. நான் சொல்லாமலே அவள் மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் அதே. கையில் இருந்த மிச்சக் குப்பிகளை, ஓரத்தவை பாதி, நடுவில் இருந்தவை பாதி, நாற்பது டிகிரி அலமாரியில் வைக்கச் சொன்னேன். கடையில் பல மாதத்தில் நடக்கப்போவதை அந்தச் சூடு சில வாரங்களிலேயே காட்டிவிடும்.

இப்படித்தான் நவம்பர் மூன்றாம் தேதி, மூன்று இருபதுக்கு, ராகவன் சார் அறையில் நின்றேன். என் கையெழுத்து இருந்தால் திங்கட்கிழமை லாரி வரும். ஜெபாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் ஜன்னலோரம் நின்று, எந்த ஒழுகல் பெரிதாகிறதோ அதன் அடியில் வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நடுவிலேர்ந்து எடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு?" என்றார்.

"எங்கயும் இல்ல சார். கதவோரம் எடுக்கணும்னும் எங்கயும் இல்ல."

"நொதியோட வீரியம் எவ்வளவு?"

"ஓரத்துல தொண்ணூத்தேழு. நடுவுல தொண்ணூத்தாறு."

"அப்போ எதுதான் கெட்டுப்போச்சு?"

"இன்னிக்கு ஒண்ணும் கெடல சார்."

அதுதான் எனக்குச் சங்கடம். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. மழைக்காலத்தில் வெல்லம் கசிகிறதே, அதுபோல மாட்டிக்கொண்ட கரைப்பான் அந்தச் சர்க்கரையை மெல்ல இளக்கும். இளகினால் புரதம் நகரும். நகர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரியும். அது நடக்கும்போது குப்பி எங்கள் கையில் இருக்காது. ஏதோ ஒரு ஊரில் ஒரு குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். நான்கு வாரம் கொடுங்கள், அலமாரிக் குப்பிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"நாலு வாரம் கேக்கறேள். எனக்கு நாலு நாள் இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். இடது பக்கத்தை வெகு நேரம் துடைத்தார். "இந்தச் சோதனையை யார் பண்ணச் சொன்னா? யார் பண்ணினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் பக்கத்திலிருந்து, "நான்தான் சார் பண்ணேன். மூணு தடவ" என்றாள் ஜெபா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. குரல் இன்னும் இறங்கியது. மழைச் சத்தத்தில் நான் குனிய வேண்டியிருந்தது.

"பத்மநாபன், உங்களுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. டெபுடி மேனேஜர் ஆர்டர் என் டிராயர்ல இருக்கு. நீங்களே சொல்லுங்கோ."

அப்போதுதான் பேனாவைத் திறந்து மூடினேன்.

"கையெழுத்து இல்ல சார். டீவியேஷன் போட்டாச்சு. ரெண்டு மணிக்கே."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தயாரிப்பில் ஏதோ சரியில்லை என்று பிரிவுத் தலைவர் எழுதிக் கொடுப்பதுதான் டீவியேஷன். போட்டுவிட்டால் விசாரணை முடியும்வரை ஒரு பெட்டிகூட நகரக்கூடாது. ஜி.எம். நினைத்தாலும் நகர்த்த முடியாது. முந்தைய இரண்டு பேட்சுகளையும் அதில் சேர்த்திருந்தேன். ராகவன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு டிராயரைச் சாவி போட்டுப் பூட்டினார். அதுதான் பதில்.

திங்கட்கிழமை லாரி வரவில்லை. எனக்குத்தான் உத்தரவு வந்தது: திருமுடிவாக்கத்தில் இருந்த கிடங்குக்குப் பொறுப்பாளர். காலிக் குப்பிகளையும் ரப்பர் மூடிகளையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிற வேலை. பக்கத்தில் எல்லாம் இரும்பு வெட்டுகிற பட்டறைகள்; காது நாள் முழுக்கக் கிழியும். எண்ணுகிறவனை எண்ண அனுப்பிவிட்டு அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் எண்ணினேன். என் காலத்தில் அங்கே ஒரு ரப்பர் மூடி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

ஆனால் அந்த நான்கு வாரமும் மாலையானால் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெபா வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பக்கக் குப்பிகளையும் கரைத்துப் பார்த்துச் சாயங்காலம் போன் பண்ணுவாள். முதல் வாரம், இரண்டும் தெளிவு. இரண்டாம் வாரம், இரண்டும் தெளிவு. எனக்கு ரத்த அழுத்தம் நூற்று அறுபது. நான் நினைத்தது தப்பாக இருந்தால்? வசந்தா விளக்கேற்றிவிட்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"மருந்து கெட்டுப்போகணும்னு வேண்டிக்கற ஒரே ஆள் இந்த ஊர்ல நீங்கதான்" என்றாள்.

உண்மை. மூன்றாம் வாரம் நடுக்குப்பியில் லேசான மங்கல் என்றாள் ஜெபா. அது தன் கண்ணின் மங்கலாகவும் இருக்கலாம் என்றாள். நான்காம் வாரம் அவள் போன் வரவில்லை.

டிசம்பர் முதல் வாரம், பகல் சாப்பாடு முடிந்த நேரம். ராகவன் சார் கார் கிடங்கு வாசலில் நின்றது. அங்கே அவர் வந்து நான் பார்த்ததில்லை. பட்டறைச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளே வந்தார். "சாப்ட்டாச்சா?" என்றார். ஆச்சு என்றேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்து ஒரு குப்பியை எடுத்தார். கரைத்த குப்பி. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, எப்போதும் போல மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே வெள்ளை நூல் நூலாக ஏதோ புரண்டு, இறங்கி, மறுபடி மிதந்தது. மோதிரத்தால் தட்டவில்லை.

"நிக்கலை" என்றார்.

அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. ஓரத்துக் குப்பிகள் எல்லாம் தெளிவு, நடுவில் இருந்தவை அத்தனையும் இப்படி, மூன்று பேட்சையும் அழிக்கச் சொல்லியாகிவிட்டது என்றார். என் இடமாற்றத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குப்பியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை நான் கிடங்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த மாதமே செய்முறை மாறியது. கரைப்பான் அளவு ஐந்திலிருந்து பத்து சதவீதம். உறைந்த பிறகு மைனஸ் இருபதில் ஐந்து மணி நேரம் நிறுத்தம். நடுத்தட்டின் நடுவரிசையிலிருந்து சோதனைக் குப்பி. அப்படி ஓட்டியதில் நடுவிலும் 0.3 வந்தது, நாற்பது டிகிரியில் வைத்துப் பார்த்தும் நூல் வரவில்லை. நான் கரைப்பானுக்கு எதிரி அல்ல. அதைப் பாதி மனசோடு சேர்க்கிறவர்களுக்குத்தான் எதிரி. செய்முறையில் ராகவன் சார் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் முழுக்கதையையும் எழுதினால், இரண்டு பேட்சைத் தேறியதாகச் சொன்னதையும் எழுத வேண்டும். ஆகவே 'அனுபவத்தின்படி' என்று எழுதினார். அதைத்தான் இன்று சிரிக்கிறார்கள். என்னைக் கிடங்கிலிருந்து திரும்பக் கூப்பிட்டாலும் காரணம் எழுத வேண்டியிருக்கும். கூப்பிடவில்லை. 2019 மே மாதம் அங்கிருந்தே ஓய்வு பெற்றேன்.

இனி ஜெபாவின் போன். புது முதலாளிகள், புது மெஷின். குப்பிக்குள்ளேயே சென்சார் வைத்து ஒவ்வொரு நிமிடமும் சூட்டைப் பார்க்கிறார்களாம். கண்ணெதிரே கம்ப்யூட்டரில் கோடு ஓடும்போது நடுத்தட்டும் ஐந்து மணி நேரமும் எதற்கு என்பது கன்சல்டன்டின் வாதம். நியாயமாகத்தான் பட்டது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சென்சார எந்தக் குப்பில வச்சிருக்காங்க?"

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"கதவோரம் சார். முதல் வரிசைல. ஒயர் அங்கதான் எட்டுது."

நான் சிரித்தேன். இந்த முறை என் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். அது நான் உங்களக் கேக்கல, முடிவு பண்ணிட்டேன். வேற ஒண்ணு கேக்கணும். ரெண்டு பசங்க, வீட்டு லோன் இருக்கு. தோராயமா சொல்லாதீங்க. உங்களுக்கு மொத்தம் எவ்வளவு போச்சு?"

தோராயம் எனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். வராத பதவி உயர்வால் அடிப்படைச் சம்பளத்தில் மாதம் ஆறாயிரம் குறைவு. பதினெட்டு மாதத்துக்கு 1,08,000. அதற்குக் கம்பெனி கட்டியிருக்க வேண்டிய பி.எஃப். 12,960. முப்பத்து நான்கு வருடப் பணிக்கொடையில் குறைந்தது 1,17,692. கம்பெனி பஸ் திருமுடிவாக்கத்துக்குப் போகாது; நாளுக்கு நாற்பத்தாறு ரூபாய் வீதம் 412 நாள் பஸ் காசு 18,952. கூட்டிப் பார்த்து, மறுபடி கீழிருந்து மேலே கூட்டிப் பார்த்து, அவளுக்குச் சொன்னேன்: 2,57,604 ரூபாய்.

பிறகு போனை வைத்துவிட்டு அந்தத் தொகையை, மூன்று பேட்சிலும் அழித்த 22,680 குப்பிகளால் வகுத்தேன். குப்பி ஒன்றுக்குப் பதினொரு ரூபாய் முப்பத்தாறு பைசா.